கே.கே. நகரில் மழையா?

தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் சண்முகவேல், ஒரு மழைமானிக்காக மனைவியைப் பறிகொடுத்தவர். மானியைச் சுற்றி மழையை மறைக்க எதுவும் நிற்கக் கூடாது என்பது விதி. அவர் மானியை வைத்த மந்தைவெளி வீட்டு மொட்டைமாடியிலோ மனைவி பேச்சியம்மாளின் பாகற்பந்தல் நின்றது. அவர் விஞ்ஞானத்தின் பக்கம் நின்று பந்தலைப் பிரித்தார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கே.கே. நகரிலிருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மாடி விதிப்படி வெறிச்சென்று ஆனது. வீடும் அப்படித்தான், அதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்பது சண்முகவேல் குடும்பத்தில் வழக்கமில்லை. நல்லவேளையாக ஆகஸ்ட் வந்தது. பகலெல்லாம் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று மேலே கிளம்பும். பிற்பகலில் கடற்காற்று ஊருக்குள் புகுந்து மேற்குக் காற்றோடு முட்டும். முட்டிய இடத்தில் மேகம் கோபுரமாக எழும்பி, சாயங்காலம் மேற்கிலிருந்து நகர்ந்து, முதலில் கே.கே. நகரை நனைத்துவிட்டு, மனமிருந்தால் மந்தைவெளிக்கும் வரும். அதாவது, அவளை நனைத்த மேகம்தான் அவரிடம் வரும். இது புரிந்த நாளிலிருந்து அவர் கடையைச் சீக்கிரமே விட்டுக் கிளம்பி, மாடியேறி, மேற்கே பார்த்து நின்றார்.

“அங்க மழையா?” என்று போன் செய்வார்.

“ஆமா.”

“பலமாவா?”

“ஆமா.” வைத்துவிடுவாள். சென்னைத் தூறல்கூட அதைவிட நீளம்.

ஒருநாள் செல்போனில் ரேடார் படம், கனமழைக்கு அடையாளமாக, கே.கே. நகரைச் செக்கச்செவேலென்று காட்டியது. கூப்பிட்டார்.

“ஒரு சொட்டு இல்ல,” என்றாள்.

“சடசடன்னு சத்தம் கேக்கே?”

“அப்பளம் பொரிக்கேன்.”

“இடியும் கேக்கு, பேச்சி.”

“பெரிய அப்பளம்.”

பிறகு அவள் கேட்டாள்: “மழை பெஞ்சாத்தான் எங்கூடப் பேசுவீயளா?”

சண்முகவேலுக்குள் பதில் திரண்டது, பெய்யவில்லை. மேகமும் மந்தைவெளிக்கு வராமல் தி. நகரோடு கரைந்துபோனது.

மறுநாள் வானத்தில் துண்டு மேகம்கூட இல்லை. உச்சி வேளையில், புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, கடைக்கு வெளியே வந்து கூப்பிட்டார்.

“என்ன?”

“மழை இல்ல.”

“தெரியுது. அதுக்கு?”

“அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

வைத்துவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் வைக்கவில்லை.

“இங்க மண்டையப் பொளக்கு வெயிலு,” என்றாள். “அங்க?”

“இங்கயும் அதேதான்.”

மழைதான் தெருவுக்குத் தெரு மாறும். வெயில் எல்லாப் பேட்டைக்கும் ஒன்றுதான். இந்தச் சின்ன உண்மையை வைத்துக்கொண்டு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வா என்று கூப்பிட அவருக்கும் வாய் வரவில்லை. தலை காய்ந்தது, போன் காதைச் சுட்டது. சண்முகவேல் நிழலுக்கு நகரவே இல்லை.