காலி அட்டை ஏறாத பஸ்

என் வலது காலில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. சுண்டு விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். காலை மூடிக்கொண்டு நடக்கச் சொல்லி ஊரில் எனக்குப் புத்தி சொல்லாதவர் பாக்கியில்லை. சாக்ஸ் போடு, புடவையை இறக்கிக் கட்டு, விசேஷ வீட்டில் முன்னால் போய் உட்காராதே. நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

விரல் போன கதையை எங்கள் ஊர் மினி பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, முந்திரிக் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். அந்தப் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் கண்டக்டர். காலையில் முதல் நடை கிளம்பும்போது, ஜன்னல் வழியாக அவர் கையில் காலி மாத்திரை அட்டைகளைக் கொடுப்பார்கள். மாத்திரையெல்லாம் தின்று தீர்த்த வெற்று அட்டை. "இதே மாதிரி ஒண்ணு" என்பார்கள். யாருக்கு, என்ன நோவு என்ற பேச்சே கிடையாது. அவர் ஜெயங்கொண்டத்தில் மருந்துக் கடையில் அட்டையைக் காட்டி வாங்கி, சாயங்கால நடையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

டாக்டர் சீட்டெல்லாம் எங்கள் ஊரில் ஆபரேஷன் ஆனவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு அட்டையே சீட்டு. ஒரு வீட்டில் பெரியவருக்கு மூத்திரக் கடுப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் அட்டை, நாலு வீடு தள்ளி ஒருத்தியின் பல்வலிக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு வீட்டுக் கோழியின் கழிச்சலுக்குப் போகும். கோழி பிழைத்துக்கொண்டால் அந்த அட்டைக்குத் தனி மரியாதை வந்துவிடும். இரண்டு வேளை போட்டதும் காய்ச்சல் விட்டால் மிச்ச மாத்திரையை பிரிட்ஜ் கதவில் செருகி வைப்பார்கள், அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று.

எனக்கு அப்போதே எரிச்சல்தான். மருந்தைப் பற்றித் தெரிந்து வந்த எரிச்சல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் மருந்துக் கடை வாசலில் நிற்பார், நான் கட்டிக் கொடுத்த சோறு அப்படியே டப்பாவோடு திரும்பி வரும். அதற்காகத்தான் சண்டை போட்டேன். யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் மட்டும்தான் சொல்லிப் பழகியிருக்கிறார்.

முந்திரி பொறுக்குகிற பருவத்தில் ஒருநாள் வேலிக் கம்பி என் காலைக் கிழித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, சிவப்பும் மஞ்சளுமான ஒரு கேப்சூலை உடைத்து, உள்ளே இருந்த பொடியைப் புண்ணில் தூவினாள். எங்கள் பக்கம் எந்தப் புண்ணுக்கும் முதல் வைத்தியம் அதுதான். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அன்பாகத்தான் தூவினாள்.

கால் வீங்கிச் சிவந்து, கொதித்தது. ஜெயங்கொண்டத்தில் டாக்டர் எழுதித் தந்ததை ஒரு வேளை விடாமல் விழுங்கினேன். அடங்கவில்லை. அரியலூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். புண்ணிலிருந்து சீழை எடுத்து, எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று பார்க்கிற சோதனைக்கு அனுப்பினார்கள். வழக்கமாகக் கொடுக்கிற மருந்து ஒன்றுக்கும் அது சாகவில்லை. கடைசியாக ஒரு ஊசி இருக்கிறது, அதற்கும் அடங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு, நிறைய மாத்திரை சாப்பிடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"தலைவலிக்குக்கூட மாத்திர போடாதவங்க நானு. எனக்கு எப்புடிங்க மருந்து பழகிப்போவும்?"

"பழகுனது உங்களுக்கு இல்லம்மா, கிருமிக்கு. அது உங்க உடம்புலதான் பழகணும்னு இல்ல. யாரு உடம்புலயோ, எந்தக் கோழி உடம்புலயோ பழகிட்டு உங்க கால்ல வந்து ஏறிக்கும்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தேன். பெரியவரின் மூத்திரக் கடுப்பும் பல்வலிக்காரியின் பல்லும் கழிச்சல் கோழியும் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்தன. தும்மினால் ஒரு கேப்சூல், இருமினால் ஒரு கேப்சூல் என்று ஊர் விழுங்கிய அத்தனைக்கும் என் கால் பதில் சொல்ல வேண்டுமாம். என் கால் ஊர்ப் பொதுச் சொத்து என்று எனக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை. பயந்து அழுதேன், நிஜம்தான். ஆனால் பயத்தை விடக் கோபம்தான் அதிகம்.

ஊசிக்குக் கேட்டது. இரண்டு விரலோடு போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு, முதல் நடை கிளம்பும் நேரத்துக்கு பஸ் நிற்கிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார ஆரம்பித்தேன். அவர் அட்டையை வாங்குவார், நான் அவர் பையிலிருந்து எடுத்துக் கத்தரியால் நறுக்கிப்போடுவேன். டாக்டர் சீட்டோடு வந்தால் வாங்கி வரட்டும், வெறும் அட்டைக்கு வேலை இல்லை என்றேன். டாக்டரம்மா சொன்னதையும் ஒருத்தர் விடாமல் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது என்றார்கள். அது நியாயம்தான். எனக்கு இரண்டு விரல் போனது, அதையும் சேர்த்துப் பேசுங்கள் என்றேன். அது உன் தலையெழுத்து என்றாள் ஒருத்தி. விரல் போயும் வாய் போகவில்லை என்றார் ஒரு பெரிய மனிதர். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சிலர் என்னைத் தாண்டி அடுத்த ஊர் நிறுத்தத்தில் போய் நின்று அவரிடம் அட்டை கொடுத்தார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கி வந்தார். இது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன ஐப்பசியில் என் கொழுந்தன் பெண்டாட்டி ஒரு அட்டையோடு வந்தாள். அவளுடைய சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சலும் சளியும். அட்டை என்னவோ அவள் மாமன் வீட்டிலிருந்து வந்தது, பெரியவர்கள் போடுகிற மாத்திரை. பாதி உடைத்துக் கொடுத்தால் போதும் என்றாள். நான் அட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"சொந்தப் புள்ளைங்கிறேன், அதுக்குமா ஒங்க சட்டம்?" என்றாள்.

"அதுக்குத்தான் மொதல்ல. புள்ளைய பஸ்ல ஏத்து. நானும் வரேன்."

ஏறினோம். என் செருப்பு காலில் நிற்காது, அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் வெகுநேரம் நின்றோம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றாள். டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இது சாதாரணச் சளிக் காய்ச்சல், கிருமிக்கான மாத்திரை இதில் வேலை செய்யாது, காய்ச்சலுக்கு மட்டும் மருந்து ஊற்றுங்கள், மூச்சு வாங்கினால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். ஒரு நாள் பொழைப்பைக் கெடுத்தது இந்தச் சின்ன பாட்டிலுக்காகவா என்றாள். ஆமாம், இதற்காகத்தான் என்றேன். உன் பிள்ளைக்கு நாளைக்கு நிஜமாகவே ஒரு மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்ய வேண்டும், அதற்காகத்தான்.

திரும்பும்போதும் என் வீட்டுக்காரர் பஸ்தான். வாசலையொட்டிய சீட்டில் உட்கார்ந்தோம். அடுத்த ஊர் நிறுத்தத்தில் ஒரு பெண் வாசற்படியில் நின்ற அவரிடம், மறுநாள் வாங்கி வரச் சொல்லி, வழக்கம்போல் அட்டையை நீட்டினாள். அவர் கை பாதி தூரம் போய்விட்டது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அட்டைய ஏத்த மாட்டேங்க" என்றார். குரல் எழும்பவே இல்லை. "காலையில நோவாளிய ஏத்துங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி வுடறேன்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு நாள் இல்லாத சட்டம் இப்போது என்ன என்று ஜன்னல் வழியாக எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த என் கொழுந்தன் பெண்டாட்டி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நான் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி வாசற்படிப் பக்கம் என் காலை நீட்டினேன்.