இரண்டு மூட்டை வெட்டுத்துணி

மொட்டைமாடியில் அம்பு விட்டுப் பழக வைத்திருந்த தெர்மாகோல் பலகை இந்த வாரத்தோடு உதிர்ந்து முடிந்தது. அதற்கு முன்பு வைத்திருந்த வைக்கோல் கட்டு மழையில் மக்கிப்போனது.

கொஞ்ச காலமாவது தாங்குகிற எதையாவது வாங்கலாம் என்று இன்று காலை பழைய துணிக் கடைக்குப் போனேன். சாக்கு நிறைய துணியைத் திணித்துத் தொங்கவிட்டால் அம்பு மறுபக்கம் போகாது.

கடைக்காரர் பனியன் வெட்டுத்துணியைச் சாக்கில் போட்டு, ஏறி நின்று மிதித்தார்.

"பட்டன், ஜிப்பு எதுவும் கெடக்கக் கூடாதுண்ணே. அம்பு மொனை மழுங்கிரும்," என்றேன்.

"அதெல்லாம் பொறுக்கிட்டேன் சார். எத்தன பேரு அடிப்பீங்க?"

"நானும் எம் மகளும்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. மகள் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அவளுடைய வில் சுவரில் மாட்டியபடியே இருக்கிறது.

"ரெண்டு பேருன்னா ஒண்ணு பத்தாது சார். நடுவுல சீக்கிரம் பொத்துக்கும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க."

நான் ஒருத்தன்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு மூட்டையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் இரண்டையும் சுவரோரம் கட்டித் தொங்கவிட்டேன். ஒன்றில் இருபது அம்பு விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட ஊடுருவவில்லை, நல்ல சரக்குதான். இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டேன்.

இங்கே திண்டுக்கல்லில் யாருக்காவது வில் பிடிக்கத் தெரியுமா? தெரியாவிட்டாலும் வாருங்கள். மூட்டை தாங்கும்.