மேல் மதிலோரம் கொஞ்சம் ஆடு

நிகோடிம் ருமேனியாவின் மலைப்பக்கத்திலிருந்து இங்கிலாந்தின் கம்ப்ரியாவுக்கு வந்தபோது அவனுக்கு வயது முப்பத்தெட்டு. கணவன் இறந்த பிறகு தனியாகப் பண்ணையைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்த வின்னி டைசன்தான் அவனை மேய்ப்பனாக வேலைக்கு வைத்தாள். நான் அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிகோடிம் ஆட்டைத் தொட்டே அதற்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்லிவிடுவான். பேச்சுதான் அவனுக்குத் தகராறு.

எத்தனை என்கிற ‘மெனி’ வர வேண்டிய இடத்தில் எவ்வளவு என்கிற ‘மச்’ வரும், ‘மச்’ வர வேண்டிய இடத்தில் ‘மெனி’. “எத்தனை பால் ஊத்தட்டும்?” என்று கேட்பதுபோலத்தான் அவன் ஆங்கிலம் இருக்கும். பக்கத்துப் பண்ணை கிளிஃப் விடமாட்டான். மதுக்கடைக்குள் நிகோடிம் நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவான்.

“வாப்பா நிக்கோ! இன்னிக்கு எத்தனை மழை பெஞ்சுது? ரெண்டா, மூணா?”

கடையே சிரிக்கும். நிகோடிமும் சிரிப்பான். ஆனால் நாளாக ஆக அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன். இரண்டு சொல்லில் முடிகிற விஷயத்தை ஒரு சொல்லில் முடிப்பான். அதுவும் முடியாவிட்டால் தலையை ஆட்டுவான்.

மூன்றாம் வருஷம் மார்ச்சில், குட்டி போடும் பருவத்துக்குச் சற்று முன்னால், எதிர்பாராத பனி கொட்டியது. விடிந்து பார்த்தால் மலைமேல் விட்டிருந்த மந்தையைக் காணவில்லை. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் மலைமேல் இருந்த கல் மதிலோரம் நின்றிருக்கலாம், அல்லது கீழே ஓடையோரத்து லார்ச் மரத் தோப்புக்குள் இறங்கியிருக்கலாம். மதிலோரம் நின்றிருந்தால் பனி அவற்றை அப்படியே மூடியிருக்கும். நிகோடிம் நாயைக் கூட்டிக்கொண்டு மேலே போனான். எங்கே தேடுவது என்று அவன் சொல்வதற்காக நானும் வின்னியும் கீழே காத்திருந்தோம்.

போன் வந்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்: “மேல் மதில். ஃபியூ ஷீப்.” அத்தோடு தொடர்பு அறுந்தது.

“மேல பெரிசா ஒண்ணும் இல்லையாம்,” என்றாள் வின்னி. “அப்போ எல்லாம் தோப்புலதான் இருக்கும். வண்டிய எடு.”

தோப்பில் பாதி மந்தை நின்றிருந்தது. மீதியைத் தேடி ஓடையோரமாகவே அலைந்தோம். மதியத்துக்கு மேல்தான், வேறு வழியில்லாமல், மலை ஏறினோம்.

மேல் மதிலோரம் நிகோடிம் மண்டியிட்டுப் பனியைக் கையால் வாரிக்கொண்டிருந்தான். கையுறை கிழிந்து விரலெல்லாம் சிவந்திருந்தது. அவன் வெளியே இழுத்துப் போட்ட ஆடுகள் நடுங்கிக்கொண்டு நின்றன. மூன்று மட்டும் எழவில்லை. மண்வெட்டியை எடுத்து நாங்களும் தோண்டினோம். மீதி எல்லாம் உயிரோடு வந்தன. கடைசி ஆடு வெளியே வந்த பிறகுதான் அவன் திரும்பினான்.

“நான் சொன்னேன்! ஃபியூ ஷீப்! இங்க ஆடு இருக்குன்னு சொன்னேன். நீங்க வரல!”

“ஐயோ நிக்கோ,” என்றாள் வின்னி. “ஃபியூன்னா அனேகமா இல்லேன்னு அர்த்தம். ‘எ ஃபியூ’ன்னு சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே!”

அவன் அவளையே பார்த்தான். “எ-ன்னா ஒண்ணுதானே? இங்க ஒரு ஆடா இருந்துச்சு? நிறைய இருந்துச்சு. அதான் எ போடல.”

 நம் தமிழில் ‘கொஞ்சம் இருக்கு’ என்பதற்கும் ‘கொஞ்சம்தான் இருக்கு’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. நமக்கு ஒரு ‘தான்’ சேர்ந்தால் கை வெறுமையாகிறது. அவர்களுக்கு ஒரு ‘எ’ விட்டுப்போனால் போதும்.

அன்று சாயங்காலம் நிகோடிம் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். “ஊருக்குப் போறேன். என் வாயால ஆடு சாகுது.” வின்னி வாசலில் நின்றபடியே, “உன் வாயால இல்ல. மூணு வருஷமா நீ தப்பாப் பேசும்போதெல்லாம் சிரிச்சோமே தவிர, ஒருத்தராவது திருத்தினோமா? குட்டி போடுற வரைக்கும் இரு. அப்புறமும் போகணும்னா நானே ரயில் ஏத்திவிடறேன்,” என்றாள்.

அவன் இருந்தான். தொழுவத்தில் வேலை நடக்கும்போதே வின்னி ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்பாள். வைக்கோலுக்கு மச், வைக்கோல் கட்டுக்கு மெனி. தண்ணீருக்கு மச், வாளிக்கு மெனி. எண்ண முடியாத சாமானுக்கு ஃபியூ கிடையாது, லிட்டில். அங்கேயும் ‘எ’ இருந்தால் கொஞ்சம் உண்டு, இல்லாவிட்டால் அனேகமாக இல்லை.

“முடி?” என்றான் ஒருநாள். “முடிய எண்ணலாமே. ஏன் மச்?”

“யாரு உட்கார்ந்து எண்ணுறது?”

அவன் அதை நினைத்து நினைத்து, ஈன்ற ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ஏனென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

குட்டிகள் எல்லாம் கால் ஊன்றிய பிறகு மதுக்கடைக்குப் போனோம். கிளிஃப் வழக்கம்போல, “நிக்கோ, எத்தனை பீர் வேணும், எவ்வளவு கிளாஸ்ல?” என்றான்.

நிகோடிம் அவன் வழுக்கையை நிதானமாகப் பார்த்தான். “கிளிஃபுக்கு லிட்டில் ஹேர்,” என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. “எ லிட்டில் இல்ல. நல்லாக் கேட்டுக்குங்க. லிட்டில்.”

 கடை சிரிப்பில் அதிர்ந்தது. கிளிஃப் முகம் சிவந்து, “அடப்பாவி, எவன்டா இவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது?” என்று கத்திவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைய பீர் அவன் செலவு.

அதற்குப் பிறகு நிகோடிம் தப்பு செய்யாமல் இல்லை. ஆனால் தப்பாகவே நிறையப் பேசினான். சந்தேகம் வந்தால் நின்று கேட்டான். கிளிஃப் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனபோது தன் மந்தையை அவனிடம்தான் ஒப்படைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன். நிகோடிம் மதில்மேல் உட்கார்ந்து, எந்த ஆடு நொண்டுகிறது, புல் எப்படி இருக்கிறது என்று வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருப்பான்.

செப்டம்பரில் அவன் மனைவி ருக்சாந்திரா வந்து சேர்ந்தாள். வின்னி பழைய குடிசைக்கு வெள்ளையடித்துக் கொடுத்தாள். முதல் ஞாயிறு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ருக்சாந்திராவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது; சோளக்களியை என் தட்டில் அள்ளி வைத்துக்கொண்டே போனாள். எப்படி நிறுத்தச் சொல்வதென்று தெரியாமல் நான் திண்டாடினேன். நிகோடிம் எதிரே உட்கார்ந்து, உதவிக்கு வராமல், சொல் வராமல் தவிப்பது இப்போது உன் முறை என்பதுபோல் சிரித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான்.