மேடம் வீட்டு ஐஸ்லாந்து மொழி

வளைகுடாவில் பிள்ளை பார்க்க வந்த சகோதரிகளே, சமையல், துணி, இஸ்திரி என்று எல்லாம் சொல்லி அனுப்பும் ஏஜெண்ட், மேடம் எந்த மொழியில் கொஞ்சச் சொல்வாள் என்பதை மட்டும் சொல்வதே இல்லை.

மூச்சு

2005 வாக்கில் ஷார்ஜாவில் எனக்கு வாய்த்த மேடம் ஹெல்கா, ஐஸ்லாந்துக்காரி. கணவர் இங்கிலாந்துக்காரர், விமான மெக்கானிக். மகள் பிர்னாவுக்கு மூன்று வயது. குழந்தையிடம் இங்கிலீஷ் பேசக்கூடாது, தன் மொழிதான் பேச வேண்டும், அதைத் தானே எனக்குச் சொல்லித் தருவதாக மேடம் கண்டிஷன் போட்டாள்.

முதல் நாள், "பால் கொடுக்கட்டுமா?" என்றேன். "யௌ" என்று வெடுக்கென மூச்சை உள்ளே இழுத்தாள். இழுப்பு வந்துவிட்டதென்று தண்ணீர் எடுக்க ஓடினேன்.

"ஓடாதே! எங்க ஊர்ல ஆமாம் சொல்றதே இப்படித்தான்."

பால்

பாலுக்கு மியோல்க். அதையே முணுமுணுத்தபடி கீழே கடைக்குப் போவேன். கடைக்காரர் கீழக்கரை பாய். என்ன முணுமுணுப்பு என்று கேட்டார். மேடம் நாட்டு ஜனம் மொத்தமும் சேர்ந்தாலும் நம்மூர் ஒரு ஜில்லாவுக்குக் காணாது, மொழி போய்விடுமோ என்று மேடம் பயப்படுகிறாள் என்றேன். பாய் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.

"எம் பிள்ளையள மொதல்ல தமிழ் பேச வைக்க ஒரு வழி சொல்லும்மா, அவங்களெ அப்புறம் பாக்கலாம்."

தண்ணீர்

நர்சரியில் இங்கிலீஷ், டிவியில் இங்கிலீஷ், அப்பாவும் இங்கிலீஷ். பிர்னா எங்கள் மொழியை மெல்ல விட்டாள். ஆமாம், எங்கள் மொழி என்றே நினைக்கத் தொடங்கியிருந்தேன். ஐஸ்லாந்து மொழியில் கேட்டால்தான் எதுவும் கிடைக்கும் என்று மேடம் பிடிவாதமாக நின்றாள்.

ஒரு மத்தியானம் குழந்தை "வாட்டர், மம்மி" என்றது. மேடம் காதில் விழாததுபோல் இருந்தாள். மறுபடி வாட்டர். அப்புறம் அழுகை. டம்ளர் என் கையில்தான் இருந்தது. கொடுக்காதே என்று மேடம் கண்ணைக் காட்டினாள். நம் மொழியில் கேள் என்று தன் மொழியிலேயே குழந்தையிடம் சொன்னாள். குழந்தை விசும்பிக்கொண்டே இங்கிலீஷில் சொன்னது:

"அப்படிப் பேசாதே மம்மி. யாருமே அப்படிப் பேசறதில்லை."

போன்

மேடத்தின் அப்பா ஊரிலிருந்து பேசினால் பிர்னா ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். அன்றும் ஓடினாள். நான் எடுத்து, பாப்பா தூங்குகிறாள் என்று அவர் மொழியிலேயே ஒரு பொய் சொன்னேன். பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதேதோ பேசினார், பாதி புரியவில்லை. பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மேடம் உள்ளே வந்து, கையில் ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வீட்டுல எனக்கப்புறம் எங்க அப்பாவோட பேச நீ ஒருத்திதான் இருக்கே."

கணவருக்கு இங்கே வேலை முடிந்து அவர்கள் இங்கிலாந்துக்கே போய்விட்டார்கள். நான் இப்போது ஒரு மலையாளி வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டு, கேட்க நாதியில்லாத ஒரு மொழியை அரைகுறையாக நாக்கில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.