மல்லாட்டை என்று தேடினால்

இன்று எங்கள் சிதம்பரம் கல்லூரி நூலகத்தில், குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் வேளாண்மை மாணவி ஒருத்தி கணினி முன் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு செமினார் மேடம். டிஜிட்டல் லைப்ரரில மல்லாட்டைன்னு போட்டா ஒரு புக்கும் வரல" என்றாள் நூலகரிடம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிலக்கடலைன்னு போடும்மா" என்றேன்.

நூலகர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் தேடுது சார். நாமதான் அந்த வார்த்தைய உள்ள போடல."

சொல்லிக்கொண்டே, நிலக்கடலைப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் மல்லாட்டை என்ற சொல்லையும் தேடுசொல்லாகச் சேர்த்தார். மறுபடி தேடினாள். புத்தகங்கள் வரிசையாக வந்து நின்றன.

இத்தனைக்கும் காலையில் நான் வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது மல்லாட்டைச் சட்னி.

உங்கள் வீட்டுச் சொற்களை இங்கே எழுதுங்கள், நூலகரிடம் கொடுக்கிறேன். இந்த முறை சிரிக்க மாட்டேன்.