அப்பாவின் காமாலை, தங்கையின் கல்

தங்கையின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தது அம்மாதான். எழுபதுகளின் தொடக்கம் அது. சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் மூன்று பெண்கள் மட்டும் குடியிருந்தோம். நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தங்கை டீச்சர் ட்ரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சில வருடங்களுக்கு முன்பு காமாலையில்தான் செத்துப்போனார். மதுவிலக்கு இருந்த நாட்களிலேயே எங்கோ திருட்டுத்தனமாகக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டார் என்று தெரு பேசியது. இல்லை என்று அவர் எவ்வளவோ சொல்லியும் அம்மா நம்பவில்லை. இப்போது குடி வாசனையே அறியாத பெண்ணுக்கு அதே மஞ்சள்.

அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். சிறுநீர் பால் விடாத கடுங்காப்பி நிறத்துக்குப் போனதே தவிர எதுவும் குறையவில்லை. ஒரு மத்தியானம் தங்கை தரையில் சுருண்டு படுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலது விலாவுக்குக் கீழ யாரோ கையை விட்டு முறுக்கற மாதிரி இருக்குக்கா. தாங்க முடியல."

அப்புறம் குளிர் ஜுரம். பற்கள் அடித்துக்கொண்டன. சைக்கிள் ரிக்‌ஷாவில் அவளைத் தூக்கி வைத்தோம். ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பொண்ணு இப்டி நடுங்கிக்கினு கீது? கெட்டியா புடிச்சுக்கோ" என்று சொல்லி வண்டியை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இது மருந்துல போற காமாலை இல்லம்மா. பித்தக் குழாய்ல கல் அடைச்சிருக்கும்னு தோணுது. சீழும் வெச்சிருக்கு."

"எக்ஸ்ரே எடுத்தா தெரியாதா சார்?" என்றேன்.

"மாத்திரை கொடுத்துதான் அந்த எக்ஸ்ரே எடுப்போம். காமாலை இருக்கறப்போ மருந்து பித்தப்பைக்குப் போய்ச் சேராது, படத்துல ஒண்ணும் தெரியாது. திறந்துதான் பாக்கணும்."

இப்போது மாதிரி ஸ்கேன் எல்லாம் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள். அதையும் உடனே செய்ய முடியவில்லை. பித்தம் அடைபட்டால் ரத்தம் சரியாக உறையாதாம். அதற்கு ஊசி போட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ஜுரம் ஏறி அவளுக்குப் பிதற்றல் கண்டது. இல்லாத பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "இவளையும் எடுத்துக்காதே மாதாவே" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஜெபம்கூட வரவில்லை. வெளியே குழாயடியில் போய் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து சர்ஜன் ஒரு பீங்கான் கிண்ணத்தோடு வெளியே வந்தார். "பிழைச்சுட்டா. ஆனா இதைப் பாருங்க." கிண்ணத்தில் மிளகு மாதிரி கறுப்புக் கற்கள் கிடந்தன.

"பித்தநீர்ல கொழுப்பு மிஞ்சிப் படிஞ்சா கல் மஞ்சளா, பெரிசா இருக்கும். நான் அதிகம் எடுக்கறது அதுதான். குழாய்ல கிருமி புகுந்து உண்டாகற கல் பழுப்பா, களிமண்ணு மாதிரி நசுங்கும். இது ரெண்டும் இல்ல. ரத்த அணுக்கள் அளவுக்கு மீறி உடைஞ்சா அந்தச் சாயம் பித்தத்துல சேர்ந்து இப்படிக் கறுப்பா இறுகும். மண்ணீரலும் வீங்கியிருக்கு. உங்க வீட்டுல வேற யாருக்காவது அடிக்கடி கண் மஞ்சளாகுமா?"

அம்மா மெதுவாக, "இவங்க அப்பாவுக்கு" என்றாள். "சின்ன வயசுலேர்ந்தே வந்து வந்து போகும்னு அவரோட அம்மா சொல்லுவாங்க. ஆனா அவரு குடி..."

"அவரை நான் பாக்கலம்மா, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இது பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு. அவருக்கும் இதே கல் அடைச்சிருக்கலாம்."

அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "கடைசி வரைக்கும் அவர் மூஞ்சியப் பாத்துப் பேசலியேடி. சோத்தத் தள்ளி வெச்சிட்டுப் போயிடுவேனே." பெண் பிழைத்த செய்தி அவள் காதில் ஏறவே இல்லை. நான் அவளைத் தூக்கப் பார்த்தேன். எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

ரத்தப் பரிசோதனையில் டாக்டர் சொன்னது சரி என்று ஆயிற்று. என் ரத்தமும் அதே ரகம்தான். "வலி வந்தா ஒரு நாள்கூடத் தாமதிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அதன்பின் சாப்பாடு செரிக்காமல் வயிறு இழுத்தால்கூட, வகுப்பின் நடுவிலேயே வெளியே போய்க் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துக்கொள்வேன்.

தங்கை, பித்தம் வடிவதற்காக வயிற்றிலிருந்து தொங்கவிட்ட ரப்பர் குழாயோடு கொஞ்ச நாள் கிடந்து, எலும்பும் தோலுமாக வீடு வந்தாள். ரத்த அணுக்களை உடைப்பது மண்ணீரல்தான் என்பதால் அடுத்த வருடம் அதையும் எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என்னைப் பார்த்து, "இதுக்கப்புறம் என்னக்கா எடுப்பாங்க?" என்று கேட்டாள். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போகும்வரை கூடவே நடந்தேன்.

அவள் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவள் கண் மஞ்சளாகவே இல்லை.