அப்பாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்

எங்கள் அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். இந்த ஊரில் கார் ஓட்டுபவர்களில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். எழுபத்திரண்டு வயதிலும் காலை வகுப்பை விடவில்லை. அப்பா மட்டும் அவளிடம் சிக்கவேயில்லை. "வீட்ல வாங்குறது போதாதா, ரோட்லயும் வாங்கணுமா?" என்று நழுவிவிடுவார்.

போன வருடம் படி ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கையெல்லாம் காரணமில்லாமல் கன்றிப்போனது. ரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் பரிசோதித்துவிட்டு, தீவிர ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

டாக்டரம்மா வயதை மட்டும் பார்த்து முடிவு சொல்லவில்லை. இதயம், சிறுநீரகம் எல்லாம் சோதித்தார். அம்மாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார். நோய் எந்த ரகம் என்று தெரிந்த பிறகே எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கடுமையான கீமோ. ஒரு மாசம் போல ஆஸ்பத்திரியிலயே இருக்கணும். அந்த மருந்தே உயிருக்கு ஆபத்தா முடியலாம். உங்களுக்கு வந்திருக்கிற ரகம் அதுக்கும் சுலபமா மசியாது. இன்னொண்ணு மிதமானது. மாசத்துல ஒரு வாரம் ஊசி, கூட மாத்திரை. பெரும்பாலும் வீட்ல இருக்கலாம். அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கப் பாக்கலாம்."

அண்ணன் துள்ளி எழுந்தான். "எங்கம்மா எதுக்கும் அசர மாட்டாங்க டாக்டர். கடுமையானதையே குடுங்க."

அம்மா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். "உடம்பு யாரோடதுடா? நான் வீரம் காட்டி யார்கிட்ட மெடல் வாங்கணும்?" பிறகு டாக்டரைப் பார்த்தாள். "மிதமானது ஒத்துக்கலன்னா?"

"நிறுத்திடலாம். கஷ்டமில்லாம பாத்துக்குறது எங்க பொறுப்பு."

"அப்ப ரெண்டாவதே போதும். இருக்கிற நாளை நான் என் வீட்ல இருந்து பாக்கணும்."

முதல் சுற்று ஆஸ்பத்திரியில் படுத்தபடியே முடிந்தது. வீட்டுக்கு வந்ததும், இனி மாதாமாதம் ஊசிக்கு யார் அழைத்துப் போவது என்று பேச்சு எழுந்தது. நானும் அண்ணனும் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். நாங்கள் வாய் திறப்பதற்குள் அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல ரெடியா இருங்க."

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. காலி மைதானத்தில் அம்மா முகக்கவசத்தோடு பக்கத்தில் உட்கார, கார் தவளை மாதிரி தாவியது.

"கிளட்சை மெதுவா விடுங்க. அது என்ன பண்ணுச்சு உங்கள?"

"நீ கத்தாம சொன்னா விடுவேன்."

"புருஷன்னு சலுகையெல்லாம் கிடையாது."

களைத்த நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜின் சத்தத்தை வைத்தே திட்டினாள். லைசென்ஸ் கைக்கு வந்த வாரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உச்சிவெயில், நெரிசலான கடைத்தெரு. யாரையும் உரசாமல் அப்பா கொண்டுபோய்ச் சேர்த்தார். தொற்று ஆரம்பத்திலேயே பிடிபட்டது; அம்மா தேறி வந்தாள்.

அடுத்து எடுத்த மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றுநோய் அணுக்கள் தென்படவில்லை. "அடங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அன்று கடுமையானதைக் கேட்ட அண்ணன்தான் இப்போது, "எங்கம்மா எடுத்த முடிவு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

வருடம் ஒன்றாகிறது. இன்னும் மாதாமாதம் ஊசிக்குப் போகிறாள். யாரோடு வந்தீர்கள் என்று புது நர்ஸ் யாராவது கேட்டால் போதும், தலை நிமிர்ந்துவிடும்.

"என் ஸ்டூடண்ட் கூட. முதல் டெஸ்ட்லயே பாஸ் பண்ணவர்."

உண்மையில் அவர் பாஸ் ஆனது இரண்டாவது டெஸ்டில்தான். அப்பா அதைத் திருத்துவதில்லை.